ஐந்து லட்ச ரூபாய் அட்டையும் நாலு நாள் காய்ச்சலும்

தென்காசி, கடையநல்லூர், ஆலங்குளம் பக்கம் எந்தத் தெருவுக்குள் போனாலும் வீட்டு வாசலில் பீடி சுற்றும் பெண்களைப் பார்க்கலாம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு நாள் உட்காரவில்லை என்றால் அன்றைக்குக் கூலி இல்லை. அப்படி ஒரு பெண்ணுக்கு நாலு நாளாகக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பீரோவில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை பத்திரமாக இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெரு கிளினிக்குக்குப் போனால் என்ன நடக்கும்?

"இது இங்க செல்லாதும்மா!"

அவ்வளவுதான். இதில் அந்த டாக்டர் மேல் எந்தத் தப்பும் இல்லை. அட்டையின் அமைப்பே அப்படி.

2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. 2012இல் அது மாற்றி அமைக்கப்பட்டு இப்போதைய பெயரைப் பெற்றது. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்த பிறகு ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்றானது. முதலில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்றார்கள், பிறகு அதை 1,20,000 ஆக உயர்த்தினார்கள். எல்லாம் நல்ல விஷயம்தான். இதய அறுவை சிகிச்சை, டயாலிசிஸ், புற்றுநோய் சிகிச்சை என்று இந்த அட்டையால் பிழைத்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் இது படுக்கைக்கு வந்த பிறகு உதவும் அட்டை. பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில், பட்டியலில் உள்ள சிகிச்சைக்குத்தான் பணம். சில பரிசோதனைகளுக்கும் உண்டு. காய்ச்சலுக்கும், சளிக்கும், தலைசுற்றலுக்கும் டாக்டரைப் பார்க்கும் ஃபீஸுக்கு இல்லை.

இங்கேதான் வேடிக்கை. ரத்தக் கொதிப்பை யாரும் அளந்து பார்க்காமல் பத்து வருடம் விட்டு, கிட்னி கெட்டுப் போனால் டயாலிசிஸுக்கு அட்டை செல்லும். அந்தப் பத்து வருடத்தில் அளந்து பார்த்து "உப்பைக் குறைங்க, இந்த மாத்திரையை விடாம சாப்பிடுங்க" என்று சொல்ல ஒரு ஆளைத் தேடினால் அட்டை செல்லாது!

சரி, டாக்டர்தான் வேண்டுமா? அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 1965இல் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட், கடற்படையில் மருத்துவ உதவியாளராக இருந்தவர்களைச் சேர்த்து 'மருத்துவர் உதவியாளர்' படிப்பைத் தொடங்கினார். இன்று அங்கே சின்ன ஊர்களில் முதலில் நோயாளியைப் பார்ப்பது பல நேரம் இவர்கள்தான். ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டை ஏற்கும் உதவியாளர் பக்கத்தில் இருக்கிறாரா என்று தேடிப் போகிறார்கள். இந்தப் படிப்பு 1992இலேயே சென்னைக்கு வந்துவிட்டது. மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் டாக்டர் கே.எம்.செரியன் கொண்டுவந்தார். ஆனால் இங்கே அதைப் படித்தவர்கள் பெரும்பாலும் பெரிய ஆஸ்பத்திரிகளின் ஆபரேஷன் தியேட்டருக்கும் வார்டுக்கும் போனார்கள். கிராமத்துக்கு வரவில்லை.

கிராமத்தில் அந்த இடத்தில் இருப்பவர் கிராம சுகாதார செவிலியர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு போனது. இதற்கு அட்டையே வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அட்டை வேண்டாம். அப்படியானால் பிரச்சினை தீர்ந்துவிட்டதே என்று கேட்கலாம்.

தீரவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டம் காலையில். பீடி சுற்றுபவருக்கும், வயலுக்குப் போகிறவருக்கும், குற்றாலம் சீசனில் கடை போடுகிறவருக்கும் காலைதான் பிழைப்பு. ஓய்வு கிடைப்பது சாயங்காலம். அந்த நேரத்தில் திறந்திருப்பது மெடிக்கல் ஸ்டோர். "ரெண்டு நாளைக்கு காய்ச்சல் மாத்திரை குடுங்க" என்று வாங்கி விழுங்குவதில்தான் வைத்தியம் முடிகிறது. அது டெங்குவா, டைபாய்டா என்பது யாருக்கும் தெரியாது.

தூரமும் ஒரு காரணம். தென்காசி 2019 நவம்பரில்தான் தனி மாவட்டம் ஆனது. அதுவரை செங்கோட்டைக்காரர் கலெக்டர் ஆபீஸ் வேலை என்றால் கொக்கிரகுளம் வரை பஸ் ஏற வேண்டும். பெரிய நோய் என்றால் இன்றும் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் போய் நெல்லை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில்தான் நிற்கிறார்கள். மாவட்டம் பிரிந்ததால் ஆபீஸ் பக்கத்தில் வந்தது. அதே மாதிரி வைத்தியமும் பக்கத்தில் வர வேண்டாமா?

செய்ய வேண்டியது பெரிய விஷயம் இல்லை. ஒன்று, ஆரம்ப சுகாதார நிலையங்களில் சாயங்காலம் இரண்டு மணி நேரமாவது புறநோயாளிகளைப் பார்க்க வேண்டும். இரண்டு, மருத்துவர் உதவியாளர் படித்தவர்களை டாக்டரின் மேற்பார்வையில் துணை சுகாதார நிலையங்களுக்கு அனுப்ப வேண்டும். மூன்று, அட்டை எந்த ஆஸ்பத்திரியில் எந்தச் சிகிச்சைக்குச் செல்லும் என்ற பட்டியலை ஒவ்வொரு ரேஷன் கடைச் சுவரிலும் தமிழில் எழுதி வைக்க வேண்டும்.

ஐந்து லட்சம் என்பது பெரிய தொகைதான். ஆனால் பெரும்பாலான வீடுகளுக்கு வருடம் முழுக்கத் தேவைப்படுவது ஐந்து லட்சம் அல்ல. சாயங்காலம் ஆறு மணிக்கு, நடந்து போகிற தூரத்தில், நாடி பிடித்துப் பார்த்து "பயப்படாதீங்க" என்றோ "உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க" என்றோ சொல்ல ஒரு ஆள். அந்த ஆள் இருந்தால் பீரோவில் இருக்கும் அட்டையை வெளியே எடுக்க வேண்டிய நாளே பலருக்கு வராமல் போகும்.