கமரா வாங்க முன் இருட்டைத் தேடுங்கள்



"சேர், நட்சத்திரம் ஓடுற வீடியோ எடுக்க எந்தக் கமரா வாங்கணும்?" இப்போது பிள்ளைகளும் கேட்கிறார்கள், பெற்றோரும் கேட்கிறார்கள். சிலர் கடன்பட்டாவது வாங்கிக் கொடுக்க ஆயத்தமாக இருக்கிறார்கள். என் கருத்து இதுதான்: இப்போதைக்கு ஒன்றும் வாங்காதீர்கள். கையில் இருக்கிற போன் ஆரம்பத்துக்குப் போதும். நமக்குக் குறைவாக இருப்பது இருட்டுத்தான்.

டைம்லெப்ஸ் என்பது உண்மையில் வீடியோ அல்ல. ஒரே இடத்திலிருந்து இடைவிடாமல் எடுத்த படங்களை வரிசையாக ஓட்டுவது. 10 செக்கன் ஓடுவதற்கு 240 படங்கள் தேவை. போனில் சாதாரணமாக உள்ள டைம்லெப்ஸ் பட்டனை இரவில் அழுத்தினால் பெரும்பாலும் கறுப்புத்தான் வரும். புரோ மோடுக்குப் போங்கள். ஒரு படத்துக்கு 15 முதல் 20 செக்கன் வையுங்கள். அதற்கு மேல் போனால் பூமி சுற்றுவதால் நட்சத்திரம் புள்ளியாக இல்லாமல் கோடாக விழும். ஐ.எஸ்.ஓ. 1600 அல்லது 3200. போகஸைக் கையால் தூரத்துக்கு, அதாவது மலை அடையாளத்துக்கு மாற்றுங்கள். வைட் பெலன்ஸை 4000 அளவில் நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் படத்துக்குப் படம் நிறம் மாறும். இடைவெளி விட்டுத் தானாக எடுக்கும் வசதி இல்லாவிட்டால் அதற்கு இலவச செயலிகள் உண்டு.

ட்ரைபொட் இல்லையா? ஒரு பையில் மணலை நிரப்பி அதன்மேல் போனைச் சாய்த்து வையுங்கள். ஃப்ளைட் மோடில் போட்டு பவர் பேங்கைக் கொழுவிவிட்டால் ஒன்றரை மணித்தியாலத்தில் 240 படமும் வந்துவிடும். இடைக்கிடை லென்ஸில் பனி படிந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

எப்போது எடுப்பது? கிழக்குக் கரையில் இருக்கும் நமக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம் உண்டு. பால்வீதியின் பிரகாசமான நடுப்பகுதி மாலை வானில் தெரிவது ஜூன் முதல் செப்டம்பர் வரை. அந்த மாதங்களில் மேற்கிலும் தெற்கிலும் பருவமழை, நம் பக்கம் வெயில் காலம். ஜூலையில் இஷா தொழுதுவிட்டுக் கடற்கரைக்குப் போனால் தென்கிழக்கில், கடலுக்கு மேலே அது நிற்கும். நாளைப் பார்ப்பதும் லேசு. பள்ளிவாசல் கலண்டரில் பிறை 25க்குப் பிறகு, அடுத்த பிறை 3 வரை. அந்த நாட்களில் முன்னிரவில் நிலவு தொந்தரவு செய்யாது.

செப்டம்பர் நடுவில் இரவு பத்து மணியளவில் கிழக்கே கார்த்திகைக் கூட்டம் எழும். ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் கழித்து அதன் பின்னால் சிவப்பாக ரோகிணி வரும். அதன் ஆங்கிலப் பெயர் அல்டெபரான். அரபுச் சொல் 'அத்தபரான்', பின்தொடர்வது என்று பொருள். ஏன் அந்தப் பெயர் வந்தது என்பதை உங்கள் பிள்ளையின் போனே 10 செக்கனில் காட்டிவிடும். பூமி சுழல்கிறது என்று நாங்கள் கரும்பலகையில் எத்தனை தரம் எழுதினாலும் இதற்கு ஈடாகாது.

ஆனால் இந்த வானம் நம் ஊரிலேயே குறைந்துகொண்டு வருகிறது. கடை முகப்பிலும் மதிலிலும் கடற்கரையிலும் வெள்ளை எல்.ஈ.டி. விளக்குகள் மேல்நோக்கி எரிகின்றன. வானத்துக்குப் போகும் வெளிச்சத்தால் பாதையில் நடப்பவருக்கு ஒரு பயனும் இல்லை, கரண்ட் பில் மட்டும் ஏறுகிறது. விளக்கை அணைக்கச் சொல்லவில்லை. பாதுகாப்புக்கு வெளிச்சம் வேண்டும். கீழ்நோக்கித் திருப்புங்கள், மேலே ஒரு மூடி போடுங்கள், கடை பூட்டியதும் விளம்பரப் பலகையை அணையுங்கள். ஒரு ஏணியும் பத்து நிமிடமும் போதும்.

"இரவு முழித்தால் சுபஹுக்கு எழும்புவானா, பரீட்சைக்குப் படிப்பானா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நான் சொன்ன ஒன்றரை மணித்தியாலம் எட்டேகாலுக்குத் தொடங்கினால் பத்து மணிக்கு முன் முடிந்துவிடும். அந்த நேரத்தில் போன் மணல் பையில் இருக்கும், பிள்ளையின் கையில் இருக்காது. இதைவிட நல்ல ஏற்பாடு எந்தப் பெற்றோருக்குக் கிடைக்கும்? கடற்கரைக்குத் தனியாக அனுப்ப வேண்டாம், வாப்பாவோ மாமாவோ கூடப் போகட்டும். பெண் பிள்ளைகளையும் மறந்துவிடாதீர்கள். அவர்களுக்கும் இதே ஆசை இருக்கிறது. வீட்டு சிலாப்பில் உம்மாவும் மகளுமாக உட்கார்ந்து எடுக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் மதில் விளக்கை இரண்டு மணித்தியாலம் அணைத்தால் அதுவே பெரிய உதவி.

ஒரு வருடம் போனில் எடுத்துப் பழகட்டும். அதன் பிறகும் ஆசை குறையாவிட்டால் கமராவைப் பற்றி யோசிப்போம். அதுவரை அந்தக் காசு உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

அடுத்த பிறை 26க்கு உங்கள் வீட்டு வெளி விளக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒருமுறை வெளியே வந்து பாருங்கள்.