முதியோர் நடையை அளந்தறிதல் வேண்டும்

முதியவர் ஒருவர் தவறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பின்னரே அவருடைய நடையைப் பற்றி நாம் எண்ணத் தலைப்படுகிறோம். இரத்த அழுத்தத்தை அளக்கக் கருவி உண்டு. பார்வையைச் சோதிக்க எழுத்து அட்டை உண்டு. நடையை மட்டும் "சுகமாக இருக்கிறீர்களா?" என்ற கேள்வியோடு விட்டுவிடுகிறோம். இது போதாது. இருமுறை கால் இடறியவர்கூட அதனை வெளியிடத் தயங்குவார். சொன்னால் வீட்டார் வெளியே செல்ல விடமாட்டார்கள் என்னும் அச்சமே காரணம். ஆதலின் கேட்பதோடு நில்லாமல் அளந்தும் பார்த்தல் வேண்டும்.

1991-ஆம் ஆண்டில் கனடா நாட்டில் பொட்சியாட்லோ, ரிச்சர்ட்சன் என்னும் இருவர் வகுத்த முறை மிக எளியது. முதியவர் நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் தூரம் தம் வழக்கமான வேகத்தில் நடந்து, திரும்பி வந்து அமர வேண்டும். கைத்தடி ஊன்றுபவர் அதனுடனேயே நடக்கலாம். இதற்கு 12 வினாடியோ அதற்கு மேலோ ஆகுமாயின், விழும் அபாயம் உண்டென அமெரிக்க நாட்டு நோய்த்தடுப்பு மையம் கொள்கிறது. அடுத்து, ஒரு பாதத்தின் குதிகால் மற்றதன் விரல்நுனியைத் தொடுமாறு முன்பின்னாக வைத்து 10 வினாடி நிற்கச் சொல்லலாம். நிற்க இயலாவிடின் அதுவும் எச்சரிக்கையே. சோதிப்பவர் தாங்கிப் பிடிக்கும் தூரத்தில் நிற்றல் இன்றியமையாதது.

இவை நம் கிராமங்களில் நடைபெறக் கூடியவையா என்னும் ஐயம் வேண்டா. 2017-18-இல் இந்தியாவெங்கும் நிகழ்ந்த முதுமை பற்றிய நீண்டகால ஆய்வில், களப்பணியாளர்களே வீடுதோறும் சென்று முதியோரை 4 மீட்டர் நடக்கச் செய்து நேரம் குறித்தனர்.

எனினும் ஒன்று கவனிக்கத்தக்கது. நம் முதியோரில் பலர் தரையில் அமர்ந்து உண்பவர். தாழ்ந்த கட்டிலில் உறங்குபவர். நாற்காலிக்கு வகுத்த 12 வினாடிக் கணக்கு கட்டிலுக்குப் பொருந்தாது. எனவே நாற்காலிச் சோதனையோடு, தரையிலிருந்து எழும்போது கையை ஊன்றினாரா, பிறர் துணையை நாடினாரா என்பதையும் குறித்து வைத்தல் நலம். ஆறு மாதங் கழித்து அதே முதியவரை மீண்டும் பார்க்கையில் அக்குறிப்பே சிறந்த அளவுகோலாகும்.

நடை தளர்ந்தது எனக் கண்டதும், "இனி எழுந்திராதீர்கள்" என்று கட்டளையிடுவோமாயின் அளந்ததனால் தீங்கே விளையும். உட்கார்ந்தே இருப்பவரின் தசை மேலும் நலியும். கண்புரை, நீரிழிவினால் பாதம் உணர்விழத்தல், எழுந்தவுடன் இரத்த அழுத்தம் தாழ்தல், தூக்க மாத்திரை ஆகியவை தளர்ச்சிக்குக் காரணமாகலாம். இவற்றுட் பல சீர்செய்யக் கூடியவை. கால் வலுவையும் நிலைப்பையும் வளர்க்கும் பயிற்சிகள் விழுதலை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைக்கின்றன என்று 2019-இல் வெளியான பல ஆய்வுகளின் தொகுப்பு காட்டிற்று.

ஆகவே, தளர்ந்தவரை மருத்துவரிடம் அனுப்புவது களப்பணியாளர் கடமை. வீட்டிலுள்ள பாட்டனாரின் நடையைக் கூர்ந்து நோக்க மாணவர்க்குக் கற்பிப்பது ஆசிரியர் கடமை. நாம் அளப்பது முதியவரை மூலையில் உட்கார வைப்பதற்கன்று. இன்னும் பல்லாண்டு நடக்க வைப்பதற்கே.