உறங்காத பிள்ளையும் கோதுமை மாவும்

பிள்ளை இரவில் காலை உதறுகிறது, வயிறு நோகிறதென்று எழுந்து அழுகிறது என்று ஒரு தாய் சொன்னால், எங்கள் ஊர்களில் மூன்று விடைகள் ஆயத்தமாக இருக்கும்: பூச்சி, கண்ணூறு, செல்லம். தோப்பூரிலும் இவற்றையே கேட்டிருக்கிறேன். பூச்சி மருந்து கொடுப்பார்கள். தண்ணீர் ஓதிப் பருக்குவார்கள். இரண்டும் பலிக்காவிட்டால் அதட்டுவார்கள். பிள்ளை உண்ணும் உணவை எவரும் ஐயுறுவதில்லை.

சீலியாக் என்றொரு நோய் உண்டு. கோதுமை, பார்லி முதலியவற்றிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் உள்ளே சென்றதும், உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்சுவரைச் சிதைக்கிறது. உணவிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேர்வதில்லை. இரும்புச்சத்துக் குறைந்தால் இரவில் கால்கள் அமைதி கொள்ளா. வயிற்று உப்பலும் வலியும் சேர்ந்துகொள்ள உறக்கம் கலைகிறது. பகலில் சோர்ந்திருக்கும் அப்பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைப்பது 'சோம்பேறி' என்னும் பட்டம்.

"அது கோதுமை உண்போரின் நோய், சோறு உண்ணும் நமக்கேன் அந்தக் கவலை?" எனலாம். இந்தியாவில் 23,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பெற்று 2016இல் வெளியான ஆய்வொன்று இதற்கு விடை தருகிறது. இந்நோய்க்குரிய இரத்தக் குறிகள் வடக்கில் நூற்றுக்கு 1.23 பேரிடமும் தெற்கில் 0.10 பேரிடமும் காணப்பட்டன. ஆனால் நோய்க்கு இடந்தரும் மரபணுக்கள் இரு பகுதிகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில், மூன்றிலொரு பங்கினருக்கு மேல் இருந்தன. வேறுபட்டது உணவு: நாளொன்றுக்கு வடக்கில் 455 கிராம் கோதுமை, தெற்கில் 25 கிராம்.

இனித் தோப்பூரைப் பாருங்கள். கொட்டியாரப் பற்று நெல் விளையும் மண். ஆயினும் காலையில் பாண், மாலையில் ரொட்டி, இடையில் பிஸ்கட். பிட்டிலும் பாதி கோதுமை மா. திருகோணமலைத் துறைமுகக் கரையில் பிறிமா மா ஆலை 1980இல் இயங்கத் தொடங்குவதற்கு முன்னரே 'அமெரிக்கன் மா' எங்கள் அடுப்படிக்கு வந்துவிட்டது. உணவு மாறிய பின்னும் நோய் மாறாதென்று நம்பியிருத்தல் அறிவுடைமையாகாது.

அச்சமூட்டுவது என் நோக்கமன்று. உறங்காத பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு இந்நோய் இராது. ஆனால் உறக்கமின்மையுடன் இரத்தசோகை, வயிற்று உபாதை, வளர்ச்சிக் குறைவு ஆகியவையும் சேர்ந்திருந்தால், குழந்தை மருத்துவரிடம் சீலியாக் இரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். ஒன்றை மறவாதீர்கள்: பரிசோதனைக்கு முன் கோதுமையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் பரிசோதனையில் தெரியாமற் போகலாம்.

நோய் உறுதியானால் கோதுமையை வாழ்நாள் முழுவதும் விலக்க வேண்டும். கோதுமை மா கலந்த பெருங்காயத் தூளும் ஆகாது. ஐரோப்பாவில் வாழும் நம்மவர் குளூட்டனற்ற பாணைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகின்றனர். தோப்பூர்த் தாய்க்கோ அரிசிமாப் பிட்டும் இடியப்பமும் குரக்கன் கூழும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. மருந்து வயலிலேயே விளைகிறது. நோயை அறியாமையால் ஒரு பிள்ளை ஆண்டுக்கணக்கில் விழித்திருக்க வேண்டியதில்லை.