ஆல்புமின் புட்டியும் அதன் லேபிளும்

இரத்தத்தின் நீர்ப்பகுதியாகிய பிளாஸ்மாவில் மிகுதியாக உள்ள புரதம் ஆல்புமின் ஆகும். இதனைப் பெருமளவில் பிரித்தெடுக்கும் முறையை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வின் கோன் என்பாரும் அவர்தம் குழுவினரும் வகுத்தனர். இன்று கடுமையான கல்லீரல் நோய் முதலியவற்றில் இது சிரை வழியே செலுத்தப்படுகிறது. மருந்தின் தூய்மையைப் பற்றி நாம் காட்டும் கவலையை அதன் லேபிளைப் பற்றியும் காட்டுகின்றோமா என்பதே என் ஐயம்.

ஆல்புமின் 5, 20, 25 சதவிகிதக் கரைசல்களாகக் கிடைக்கிறது. 5 சதவிகிதக் கரைசல் 250 மில்லி லிட்டரில் 12.5 கிராம் புரதம் உண்டு. 20 சதவிகிதக் கரைசலிலோ 100 மில்லி லிட்டரிலேயே 20 கிராம் உண்டு. செறிவு மிக்க கரைசல், திசுக்களிலுள்ள நீரை இரத்தக் குழாய்களுக்குள் ஈர்க்க வல்லது. ஆகவே சதவிகிதத்தோடு மொத்தக் கிராம் அளவும் பெரிய எழுத்தில் இருத்தல் வேண்டும்.

இதனினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. அமெரிக்காவில் 1994 முதல் 1998 வரையிலான ஆண்டுகளில், 25 சதவிகித ஆல்புமினுடன் நுண்ணுயிர் நீக்கிய வெறும் தண்ணீரைச் சேர்த்துச் செலுத்தியதால், நோயாளிகள் சிலருடைய சிவப்பணுக்கள் சிதைந்தன; உயிரிழப்பும் நேர்ந்தது. காரணம் எளிதே. ஒரு பங்கு மருந்துடன் நான்கு பங்கு தண்ணீர் சேர்ந்தால், அதிலுள்ள சோடியம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது. புரதச் செறிவு சரியாகத் தோன்றினும், அத்தகைய கரைசலில் சிவப்பணுக்கள் நீரை ஏற்று வீங்கி வெடிக்கின்றன. 0.9 சதவிகித உப்புக் கரைசலைச் சேர்ப்பின் இவ்விடர் இல்லை.

மொழிபெயர்ப்பாளர் கவனிக்க வேண்டிய இடமும் இதுவே. செறிவைக் குறைப்பதை நாம் ‘நீர்த்தல்’ என்கிறோம். அச்சொல்லிலேயே ‘நீர்’ அமைந்துள்ளது! “நீர்த்துச் செலுத்தலாம்” என்று எழுதினால், படிப்பவர் தண்ணீரை நாடுவதில் வியப்பென்ன? “தண்ணீர் சேர்க்கக் கூடாது, உப்புக் கரைசலே சேர்க்க வேண்டும்” என்று விரித்தெழுதுவதே முறை. சொற்சுருக்கம் இங்கே அழகன்று.

நம் நாட்டில் 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 96-ஆம் விதி, மருந்தின் பெயர், அளவு, தொகுதி எண், காலாவதித் தேதி ஆகியவை லேபிளில் இருக்க வேண்டுமென்கிறது. இவற்றோடு மேற்கூறிய எச்சரிக்கையும் புட்டியின் மீதே இடம்பெறுதல் நலம். பெட்டியினுள் மடித்து வைத்த தாள் பெட்டியோடு போய்விடும். நோயாளியின் அருகே தொங்குவது புட்டி மட்டுமே. தொகுதி எண்ணைத் தனியே உரித்து நோயாளியின் குறிப்பேட்டில் ஒட்டவும் வசதி வேண்டும். பலருடைய பிளாஸ்மாவிலிருந்து ஆக்கப்படும் மருந்தில் பின்னர் ஐயம் எழுந்தால், அவ்வெண்ணே வழிகாட்டும்.

சிறிய லேபிளில் இத்தனைக்கும் இடமேது என்பர் சிலர். வணிகப் பெயரின் எழுத்தைச் சற்றே சிறிதாக்கினால் இடம் தானே கிடைக்கும்.