பிணைப்பு மிகுதலும் பிழையே

பிணைப்பு மிகுந்தால் உறுதி மிகும் என்பது பலர் உள்ளத்தில் வேரூன்றியுள்ள ஓர் எண்ணம். ஒரு முளையிற் கட்டிய கன்று அறுத்துக்கொண்டோடினால் மறுநாள் இரண்டு முளைகளிற் கட்டுவது உலகியல். ஆயினும், கணிப்பொறியின் திரையிலே இயந்திர உறுப்புகளை வரைந்து, அவற்றை ஒன்றோடொன்று பொருத்தி நிறுத்தும் கலையில் இவ்வெண்ணம் செல்லாது. செல்லாதென்பது மட்டுமன்று, மாணாக்கர் அக்கலையிற் படும் அல்லல்கள் பலவற்றிற்கு அதுவே காரணமாகவும் இருக்கின்றது. இதனை விளக்குவதும், ஆய்வுக்கூடங்களில் இவ்வேலையை மதிப்பிடும் முறை மாறவேண்டுமென்று வற்புறுத்துவதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

வரைபடத்திற்கு விதி வகுக்கும் வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. 1963ஆம் ஆண்டில் ஐவன் ஸதர்லாண்டு என்பார், மாஸாசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த காலத்தில், 'ஸ்கெட்ச்பாட்' என்னும் வரைகருவியை அமைத்து வெளிப்படுத்தினார். இவ்விரு கோடுகளும் இணையாக நிற்க, இவை நீளத்தால் ஒத்திருக்க என்றாற்போல வரைபவர் விதிக்க, பொறி அதற்கியையக் கோடுகளைத் திருத்தியமைத்தது. இன்று மாணவர்கள் 'கன்ஸ்ட்ரெயின்ட்' என்றும் 'மேட்' என்றும் வழங்குவன இத்தகைய விதிகளே. அவற்றை ஈண்டுப் பிணைப்பு என்று குறிப்பேன்.

எதனையும் பற்றாது தனித்து நிற்கும் உறுப்பிற்கு ஆறு வகை அசைவுகள் உண்டு. நீளம், அகலம், உயரம் என்னும் மூன்று திசைகளிற் பெயர்தல் மூன்று. அத்திசைகளையே அச்சாகக் கொண்டு சுழலுதல் மூன்று. ஒவ்வொரு பிணைப்பும் இவ்வாறனுள் சிலவற்றைத் தடுக்கின்றது. ஆறும் தடுக்கப்பட்டபின் உறுப்பு அசையாது நிற்கும். அதற்கு மேலும் ஒரு பிணைப்பை இட்டால், தடுப்பதற்கு அசைவு எஞ்சியிராது. புதிய பிணைப்பு பழையவற்றோடு அணுவளவும் பிசகாது ஒத்துப்போக வேண்டும், அன்றேல் முரணவேண்டும். முக்காலி மேடுபள்ளமான தரையிலும் ஆடாது நிற்க, நான்கு கால்களையுடைய நாற்காலி ஆடுவது இவ்வுண்மைக்கு வீட்டிலேயே கிடைக்கும் சான்றாம்.

இயந்திர வரைபட வகுப்பில் யாவரும் வரையும் 'வைஸ்' என்னும் பிடிகருவியை எடுத்துக்கொள்வோம். அதன் நிலையான தாடையில், பிடிப்பதற்கென ஓர் எஃகுத் தகடு இரண்டு திருகாணிகளாற் பொருத்தப்பட்டிருக்கும். தகட்டின் முகத்தைத் தாடையின் முகத்தோடு ஒட்டவைப்பது முதற் பிணைப்பு. இஃது ஒரு பெயர்ச்சியையும் இரண்டு சுழற்சிகளையும் தடுக்கின்றது. தகட்டின் ஒரு துளையைத் தாடையின் துளையோடு அச்சொத்து நிற்கச் செய்வது இரண்டாவது. இதனால் எஞ்சிய பெயர்ச்சிகள் இரண்டும் நின்றுவிடுகின்றன. இனித் தகடு அத்துளையைச் சுற்றிச் சுழலும் ஓர் அசைவே மீதி. இங்கேதான் மாணவர் தவறுகின்றனர். மற்றைத் துளையையும் அவ்வாறே அச்சொக்கச் செய்கின்றனர். ஓர் அசைவு மிஞ்சியிருக்கும் இடத்தில் இரண்டு அசைவுகளைத் தடுக்கும் பிணைப்பு வந்து புகுகின்றது. துளைகளின் இடைத்தொலைவு இரு உறுப்புகளிலும் 60 மில்லிமீட்டராயிருக்கும்வரையில் தீங்கில்லை. ஒன்றில் 60.01 என்றாகிவிடின், பொறி சிவப்புக் குறியிட்டு முறையிடுகின்றது. இரண்டாம் துளையை விட்டுத் தகட்டின் கீழ்விளிம்பு தாடையின் அடித்தளத்திற்கு இணையாக நிற்குமாறு செய்திருப்பின், சுழற்சி ஒன்று மாத்திரமே தடுக்கப்பட்டு யாவும் அமைதியுற்றிருக்கும். பட்டறையிலும் இதுவே முறை. இரண்டு முளைகளால் ஒரு தகட்டை இடங்குறிப்பவர், ஒன்றை உருண்டையாகவும் மற்றதனை இருபுறம் செதுக்கியதாகவும் வைப்பர்.

ஆனால், எல்லாச் சிவப்புக் குறியும் பிணைப்பின் குற்றத்தால் வருவதன்று. ஒருவர் தகட்டில் மட்டும் இடைத்தொலைவை 65 மில்லிமீட்டராக மாற்றிவிட்டுத் தாடையை மறந்தாரென்று வைத்துக்கொள்வோம். அப்பொழுது பொறி கூறுவது முழு உண்மை. அவ்வாறு செய்த தகட்டில் மெய்யான திருகாணி நுழையாது. பிணைப்பை நீக்கிக் குறியை மறைப்பவர், சாட்சி சொல்ல வந்தவன் வாயைப் பொத்தியவராகின்றார், வழக்குத் தீர்ந்ததில்லை.

வேறிரண்டு காரணங்களும் அடிக்கடி காணப்படுகின்றன. பற்றிய இடம் மறைந்துபோதல் ஒன்று. கூர்விளிம்பொன்றைப் பற்றிப் பிணைத்துவிட்டுப் பின்னர் அவ்விளிம்பை மழுக்கி வளைத்தால், பிணைப்பு பற்றுக்கோடின்றித் தவிக்கும். உறுப்பைத் திருத்தும்பொழுது அதன் முகங்களுக்கும் விளிம்புகளுக்கும் பொறி இட்ட பெயர்கள் மாறிப்போவதாலும் இவ்விடர் நேரும். விலையின்றிக் கிடைக்கும் 'ஃப்ரீகேட்' என்னும் மென்பொருளின் 1.0 பதிப்பு 2024 நவம்பரில் வெளிவந்தபொழுது, இவ்விடரைத் தணிக்கும் ஏற்பாடும் அதில் இடம்பெற்றது. எனினும், உறுப்பின் மூலத் தளங்களையும் அச்சுகளையும் பற்றிப் பிணைப்பவருக்கு இக்கவலை பெரிதும் இல்லை. அவை விளிம்புகளைப்போலத் திருத்தத்தால் மறைவனவல்ல. மற்றொரு காரணம், ஒரு விதிக்கு இரு விடைகள் இருத்தல். ஒரு முகத்திலிருந்து 20 மில்லிமீட்டர் தொலைவில் என்றால் இப்புறமா அப்புறமா என்பது விளங்காது. உறுப்பு திடீரெனப் புரண்டு மறுபக்கம் நிற்பது இதனாலேயாம். உறுப்பை உரிய இடத்திற்கு அருகே முதலில் நகர்த்திவைத்து, திசையையும் குறித்துப் பின்னர்ப் பிணைத்தல் இதற்கு மாற்று.

காரணம் எதுவாயினும் அதனைக் காணும் வழி ஒன்றே. முதலில், ஓர் உறுப்பு மட்டும் தரையில் ஊன்றியதுபோல் நிலைநிறுத்தப்பட்டுள்ளதா என்று பார்க்க. பின்னர்ப் பிணைப்புகளை அழித்துவிடாது, தற்காலிகமாகச் செயலற்றவையாக்குக. அவற்றை ஒவ்வொன்றாக உயிர்ப்பித்து, ஒவ்வொரு முறையும் உறுப்பைக் கையாற் பிடித்திழுத்து, எவ்வசைவு நின்றது, எது எஞ்சியது என்று எண்ணுக. முரண் தோன்றும் இடத்தில் நின்று, அப்பொழுது வந்த பிணைப்பை மட்டுமன்றி அதனோடு ஒரே அசைவைத் தடுக்கும் முந்தியவற்றையும் ஆராய்க. பொறி சுட்டிக்காட்டும் பிணைப்பே குற்றவாளியாயிருத்தல் வேண்டுமென்பதில்லை. இரண்டு பேர் கலகம் செய்த இடத்திற் பிந்தி வந்தவனைப் பிடித்துக் கொடுப்பதே அதன் வழக்கம்.

இத்துணைப் பொறுமை நம் மாணவருக்கு ஏன் வாய்ப்பதில்லை? அவர்களை மட்டும் நொந்துகொள்ளுதல் நேர்மையன்று. பயிற்சிக்கூடத்தில் மணி அடிப்பதற்குமுன் படத்தை அச்சிட்டு ஒப்புவித்தல் வேண்டும். படத்தில் உறுப்புகள் உரிய இடத்தில் நின்றால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆகவே, சிவப்புக் குறி கண்டவுடன் பிணைப்புகளையெல்லாம் களைந்துவிட்டு, உறுப்புகளை இருந்த இடத்திலேயே நிலைநிறுத்திவிடுவது அவர்களுக்கு எளிய வழியாகின்றது. யானும் மாணவப் பருவத்தில் அவ்வாறு செய்து முழு மதிப்பெண் பெற்றதுண்டு. பின்னர் வேலைக்குச் சென்ற இடத்தில் ஓர் அளவை மாற்றும்படி பணிக்கப்பட்டபொழுது, யான் அமைத்த தொகுப்பு முழுதும் சிதறிக் கிடக்கக் கண்டு தலைகுனிந்தேன்.

படம் ஒன்றே வேண்டுமெனின் உறுப்புகளை நிலைநிறுத்திவிடுவதிற் குற்றமில்லை என்பாருளர். உண்மையே. ஆனால், படம் மட்டும் வேண்டுவோர்க்குப் பலகையும் பென்சிலுமே போதும். அளவொன்று மாறினால் ஏனையவும் அதற்கிசைந்து மாறவேண்டும் என்பதற்காகவன்றோ இப்பொறியை நாடினோம்? ஆகலின், ஆசிரியப் பெருமக்களுக்கு யான் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது இது. தேர்வு நாளில் அச்சிட்ட படத்தை வாங்கிக்கொள்வதோடு அமையற்க. மாணவர் முன்னிலையில் ஓரளவை 5 மில்லிமீட்டர் மாற்றிக் காண்க. தொகுப்பு நிலைத்து நின்றால் மதிப்பெண் அளிக்க. நிலைகுலைந்தால், அதன் காரணத்தை மாணவர் கண்டுரைக்குமாறு செய்து, கண்டுரைத்தவர்க்கும் மதிப்பெண் அளிக்க. இதற்குப் புதிய கருவியோ மிகுந்த பொருட்செலவோ வேண்டுவதில்லை. ஒவ்வொரு மாணவருக்கும் சில நிமிஷங்களே வேண்டும்.

மாணவ நண்பர்காள்! பிணைப்பைச் சுருங்க இடுங்கள். இடுவதன் காரணத்தை அறிந்து இடுங்கள். பொறி பிழையென்று கூறும்பொழுது அதனைப் பகையென எண்ணாதீர்கள். பட்டறையில் எஃகைப் பாழாக்கியபின் தெரியவேண்டிய குற்றத்தை, ஒரு காசும் செலவாவதற்குமுன் நமக்கு அறிவிக்கும் நட்பு அது.