ஒரே உத்தரவு! உலகமே ஊமையானது!

2021-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 4-ந் தேதி. திங்கட்கிழமை.

இந்தியாவில் அப்போது இரவு 9 மணி தாண்டியிருந்தது. திடீரென்று பேஸ்புக் நின்றது. வாட்ஸ்அப் நின்றது. இன்ஸ்டாகிராமும் நின்றது!

வெளிநாட்டில் இருக்கும் மகனிடமிருந்து செய்தி வரவில்லையே என்று தாய்மார் தவித்தார்கள். போன் கெட்டுவிட்டதோ என்று அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தவர்கள் பலர். போனில் ஒரு கோளாறும் இல்லை. உலகம் முழுவதும் 300 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பயன்படுத்தும் சேவைகள் ஒரே நேரத்தில் படுத்துவிட்டன. ஏறக்குறைய 6 மணி நேரம் அவை எழுந்திருக்கவில்லை.

எதிரிகளின் சதியா? திருடர்களின் வேலையா? இரண்டும் இல்லை. தன் கையே தன் கண்ணைக் குத்திய கதைதான்.

நடந்தது என்ன?

பேஸ்புக் கம்பெனிக்குப் பல நாடுகளில் பிரமாண்டமான கம்ப்யூட்டர் நிலையங்கள் இருக்கின்றன. அவற்றைப் பெரிய கம்பி இணைப்புகள் ஒன்றோடொன்று சேர்க்கின்றன. அந்த இணைப்புகளில் இன்னும் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று அளந்து பார்க்க அன்று ஒரு உத்தரவு போடப்பட்டது. வழக்கமான பராமரிப்பு வேலைதான். அந்த உத்தரவோ, அளப்பதற்குப் பதில் எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டது!

இப்படிப்பட்ட தவறான உத்தரவைத் தடுக்க, காவல்காரன் போல ஒரு புரோகிராம் இருந்தது. அந்தக் காவல்காரனிடமே கோளாறு. உத்தரவை அது தடுக்காமல் விட்டுவிட்டது.

வினை அதோடு நிற்கவில்லை. "வாட்ஸ்அப் எங்கே இருக்கிறது?" என்று நம் போன் கேட்டால் விலாசம் சொல்லத் தனிக் கம்ப்யூட்டர்கள் உண்டு. தலைமை நிலையங்களோடு தொடர்பு அறுந்தால், 'கோளாறு நம்மிடம்தான்' என்று எண்ணி அவை தாமாகவே ஒதுங்கிக்கொள்ளும். அப்படித்தான் அவற்றைச் செய்திருந்தார்கள். ஒன்றிரண்டு ஒதுங்கினால் நல்லது. அன்று எல்லாமே ஒதுங்கின. விலாசம் சொல்ல ஆளே இல்லை.

பழுது பார்க்கும் என்ஜினீயர்களின் சாதனங்களும் அதே நெட்வொர்க்கில்தான் ஓடின. அவையும் செத்தன. ஆட்களை நேரில் அனுப்ப வேண்டியதாயிற்று. அங்கேயோ கட்டுக்காவல் பலம். உள்ளே நுழைவதற்கே நேரம் பிடித்தது.

பொய் யந்திரங்கள்

நெட்வொர்க்கில் 'ரவுட்டர்' என்று ஒரு யந்திரம் உண்டு. ரெயில் பாதையில் வண்டியை எந்தத் தண்டவாளத்துக்கு விடுவது என்று திருப்பிவிடுகிறவரைப் போல, செய்தி எந்த வழியாகப் போக வேண்டும் என்று அது திருப்பிவிடும். பெரிய கம்பெனிகளில் இவை ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றிடமும் மனிதர் போய் உத்தரவு கொடுக்க முடியாது. ஒரு புரோகிராமே வரிசையாக உத்தரவு போடுகிறது: "செய்திகளை வேறு வழிக்குத் திருப்பு. பழைய வழியை மூடு. வேலை முடிந்தது, மறுபடியும் திற."

இந்தப் புரோகிராம் ஒழுங்காக நடக்கிறதா என்று எங்கே சோதிப்பது? நிஜ யந்திரங்களில் சோதித்தால், தவறு நேர்ந்தவுடன் ஊரே இருண்டுவிடும். அதனால் பொய் யந்திரங்களைச் செய்கிறார்கள். பொய் என்றால் கையால் தொடக்கூடிய பொம்மை அல்ல. அதுவும் ஒரு புரோகிராம்தான். நிஜ ரவுட்டர் பேசுவது போலவே பேசும். "வழியை மூடு" என்றால் "மூடிவிட்டேன்" என்று பதில் சொல்லும். மூடுவதற்கு அங்கே எதுவும் கிடையாது!

சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. எதைக் கேட்டாலும் "சரி, சரி" என்று தலையாட்டும் பொய் யந்திரத்தால் பயன் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் கேட்கும் எல்லாவற்றுக்கும் தலையாட்டும் தரகரைப் போன்றது அது. விஷயம் கல்யாணத்தன்றுதான் வெளிப்படும்.

பொய் யந்திரம் முரண்டு பிடிக்க வேண்டும். "திருப்ப முடியவில்லை" என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்ன பிறகும் புரோகிராம் அடுத்த உத்தரவுக்குப் போய்ப் பழைய வழியை மூடினால், இரண்டு வழியும் அடைபட்டுவிடும். சில சமயம் பதிலே சொல்லாமல் ஊமையாக இருக்க வேண்டும். புரோகிராம் எவ்வளவு நேரம் காத்திருக்கிறது? மறுபடியும் அதே உத்தரவைப் போடுகிறதா? பாதி வேலை முடிந்த நிலையில் பின்வாங்கத் தெரிகிறதா? இவை எல்லாம் அப்போதுதான் தெரியவரும்.

காவல்கார புரோகிராமையும் விட்டுவைக்கக் கூடாது. வேண்டுமென்றே ஒரு நாசகார உத்தரவைக் கொடுத்து, அது தடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். நல்ல உத்தரவுகளை மட்டுமே கண்ட காவல்காரன், திருடனையே பார்க்காத காவல்காரன் அல்லவா?

பேஸ்புக் ஒத்திகையே பார்க்காத கம்பெனி அல்ல. 'புயல்' என்ற பெயரில் அடிக்கடி ஒத்திகை நடத்தியது. ஒரு நிலையம் முழுவதையும் நிறுத்திப் பார்த்தது. ஆனால் நிலையங்களைச் சேர்க்கும் இணைப்புகள் உலகம் முழுவதும் ஒரேயடியாக அறுவது போல ஒத்திகை பார்த்ததே இல்லை. இதை மறுநாள் கம்பெனியே ஒப்புக்கொண்டது. பழைய புயல்களின் பழக்கத்தால்தான் யந்திரங்களை ஒவ்வொன்றாகப் பக்குவமாக எழுப்ப முடிந்தது என்றும் சொன்னது. அதுவும் உண்மையே.

மைக்ரோசாப்ட் கம்பெனி இன்னும் ஒரு படி மேலே போனது. தன் நெட்வொர்க்குக்கு அச்சு அசலான ஒரு பிரதியைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே உண்டாக்கும் ஏற்பாட்டை 2017-ல் அறிவித்தது. 'கிரிஸ்டல்நெட்' என்பது அதன் பெயர். ஆயிரக்கணக்கான யந்திரங்கள் அதில் உண்டு. புதிய உத்தரவை முதலில் பிரதியில் ஓட்டிப் பார்க்கலாம்.

இதற்குப் பணம் வேண்டும். நெட்வொர்க் நாளுக்கு நாள் மாறுவதால் பிரதியையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே 'இந்த வேலைக்கு ஒத்திகை வேண்டும், அதற்கு வேண்டாம்' என்று கணக்குப் போடத் தோன்றும். அந்தக் கணக்கு தப்பினால்?

கனடாவில் விபரீதம்

2022-ம் ஆண்டு ஜூலை 8-ந் தேதி, கனடாவில் ரோஜர்ஸ் டெலிபோன் கம்பெனியின் நெட்வொர்க் விழுந்தது. 1 கோடியே 20 லட்சம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். கடைகளில் வங்கி அட்டை வேலை செய்யவில்லை. போலீசையும் ஆம்புலன்சையும் அழைக்கும் 911 எண்ணுக்கும் ரோஜர்ஸ் போன் வைத்திருந்தவர்கள் பலரால் பேச முடியவில்லை. கோபுரங்களிலிருந்து சிக்னல் மட்டும் வந்துகொண்டே இருந்தது. அதனால் போன்கள் வேறு கம்பெனியின் கோபுரத்துக்கு மாறவும் இல்லை!

7 கட்டமாக நடந்த சீரமைப்பு வேலையில் அது 6-வது கட்டம். ஒரு ரவுட்டரில் இருந்த வடிகட்டியை எடுத்தார்கள். வெள்ளம் போலத் தகவல் பாய்ந்து நடு யந்திரங்களைத் திணறடித்தது. முதலில் அபாயம் 'அதிகம்' என்று சொன்ன கணக்கு, முந்திய கட்டங்கள் நல்லபடியாக முடிந்ததால் 'குறைவு' என்று தானாகவே மாற்றிக்கொண்டது. ஐந்து பிள்ளைகள் பத்திரமாகத் தாண்டிவிட்டார்கள் என்பதற்காக ஆறாவது பிள்ளைக்குக் கிணற்றின் ஆழம் குறைந்துவிடுமா?

இப்படிப்பட்ட மாற்றத்தை நிஜ நெட்வொர்க்கில் செய்யும் முன் ஆய்வுக்கூடத்தில் சோதிப்பதே தொழில்முறை என்று 2024-ல் வெளியான விசாரணை அறிக்கை எடுத்துக்காட்டியது. பழுது பார்க்கும் நெட்வொர்க்கும் அங்கே விழுந்த நெட்வொர்க்கையே நம்பி இருந்தது. பேஸ்புக் கதை அப்படியே திரும்பியது, ஒன்பது மாதத்துக்குப் பிறகு!

அதே 2022 செப்டம்பரில், ஒரு கம்பெனி விழுந்தால் மற்றவை அதன் 911 அழைப்புகளைத் தாங்கிக்கொள்ள உதவுவது என்று கனடாவின் பெரிய டெலிபோன் கம்பெனிகள் ஒப்பந்தம் செய்துகொண்டன.