மூஞ்சூறு எலியன்று

பெரியாறு புலிகள் காப்பகத்தின் வாசலான குமுளியிலிருந்து அதிகத் தொலைவில்லை சக்குபள்ளம். இடுக்கி மாவட்டத்தின் உடும்பஞ்சோலை வட்டத்தில், ஏலத்தோட்டங்களுக்கு நடுவே, தமிழக எல்லையை ஒட்டிய ஊராட்சி அது. காட்டுயிர் ஆய்வென்றால் இப்பகுதிக்கு வருவோர் கண்கள் யானையையும் புலியையும் தேடிக் காப்பகத்துக்குள் சென்றுவிடுகின்றன. ஊரின் வீட்டுச் சுவரோரத்திலும் விறகடுக்கின் அடியிலும் லயத்தின் சாக்கடை விளிம்பிலும் இரவுதோறும் நடமாடும் சிற்றுயிர்களுக்கு ஆய்வேடுகளின் பின்னிணைப்பில் ஒரு வரி கிடைத்தால் பெரிது. அந்த வரியிலும் "வட்டாரப் பெயர்: எலி" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள்.

அந்த ஒற்றைச் சொல் விலங்கியல் பிழை, மொழியியல் பிழையும்கூட. பிழை ஏட்டோடு நின்றிருந்தால் இத்தனை பேச வேண்டியதில்லை. எலிமருந்து உறையில் அச்சாகியிருப்பதும் அதே சொல்தான். எந்த உயிர் சாக வேண்டும், எந்த நோயை எங்கே தேட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதும் அதே சொல்தான்.

முதலில் விலங்கியலைப் பார்க்கலாம். எலி, சுண்டெலி, பெருச்சாளி, அணில், முள்ளம்பன்றி ஆகியவை கொறிணி வரிசையைச் சேர்ந்தவை. வளர்ந்துகொண்டே இருக்கும் உளிப்பற்கள் இவற்றின் அடையாளம். மூஞ்சூறு இவ்வரிசையில் சேராது. அதன் பற்கள் சிறியவை, கூரியவை. பூச்சியின் ஓட்டை நொறுக்குவதற்கு ஏற்றவை. நெருங்கிய உறவுகளைத் தேடினால் முள்ளெலியும் ஐரோப்பிய அகழெலியும் வந்து நிற்கும். மரபணு வழி வகைப்பாட்டின்படி, எலிக்கு மூஞ்சூறைக் காட்டிலும் மனிதனே நெருங்கிய உறவு. இது பாடநூல் அளவில் நிறுவப்பட்ட செய்தி. ஆனால் பொறியில் சிக்கிய மூஞ்சூறைப் பார்க்கும்போது இந்தச் செய்தி யாருக்கும் நினைவில் வருவதில்லை.

வீட்டைச் சுற்றிச் சில இரவுகள் பொறுமையாகக் கவனித்தவருக்கு இரண்டையும் வேறுபடுத்தக் கருவி எதுவும் தேவையில்லை. எலி கூரைக்கும் உத்தரத்துக்கும் ஏறும்; மூஞ்சூறு பெரும்பாலும் தரையில், சுவரை ஒட்டியே ஓடும். பார்வை மங்கலானது, நீண்ட மூக்கே அதற்கு வழிகாட்டி. விலாப்புறச் சுரப்பியிலிருந்து வரும் நெடி அது போன பின்னும் அந்த இடத்தில் நிற்கும். ஓடும்போது அது எழுப்பும் ஒலியில் காசு குலுங்கும் ஓசையைக் கேட்ட சீனர் அதற்குக் காசெலி என்ற பொருளில் பெயரிட்டனர். குட்டிகளைத் தாய் இடம் மாற்றும்போது ஒன்றின் வாலடியை மற்றொன்று கவ்விக்கொண்டு வரிசையாகச் செல்லும் காட்சி எலியினத்தில் கிடையாது. கொறித்துத் துளைக்கப்பட்ட ஏலக்காய்த் தோல் மூஞ்சூற்றின் வேலையன்று. சுவரடியில் சிதறிக் கிடக்கும் கரப்பான் இறக்கை அதன் வேலையாக இருக்கலாம்.

அடுத்து மொழி. தமிழில் இச்சிற்றுயிர்களுக்குச் சொல் பஞ்சமில்லை. சுண்டெலி, வயலெலி, வெள்ளெலி, பெருச்சாளி, மூஞ்சூறு எனத் தனித்தனிப் பெயர்கள் வழக்கில் உள்ளன. சக்குபள்ளம் போன்ற எல்லையோர ஊரில் இவற்றோடு மலையாளத்தின் துரப்பனும் நச்செலியும் சேர்ந்துகொள்கின்றன. துரப்பன் என்பது மண்ணைத் துளைப்பவன். நச்செலி என்பது மூஞ்சூறு. ஒரே சுவரோரத்து உயிரைத் தமிழ் அதன் மூஞ்சியால் அடையாளம் காண்கிறது. மலையாளம் அதை எலிக் கூட்டத்தில் வைத்து, "நச்சு" என்ற அடையால் பிரித்துக் காட்டுகிறது. இரு மொழிகளும் அதை வேறாகவே அறிந்திருக்கின்றன. இத்தனை வேறுபாட்டையும் ஒரு கட்டத்துக்குள் அழித்து "எலி" என்று நிரப்பும் அட்டவணை மக்களின் வழக்கைப் பதிவு செய்யவில்லை. ஆய்வாளரின் அவசரத்தைப் பதிவு செய்கிறது.

மொழிபெயர்ப்பிலும் இதே அவசரம்தான். ஆங்கிலச் சிறார் கதைகளில் வரும் "வோல்" என்ற கொறிணி இந்தியாவில் இமயமலைப் பகுதியில் மட்டுமே வாழ்வது, தென்னிந்தியாவில் கிடையாது. அதை "வயலெலி" என்றோ "மூஞ்சூறு" என்றோ பெயர்த்துவிட்டால், தமிழ் மாணவர் தம் வீட்டருகே இல்லாத உயிரை இருப்பதாக எண்ணுவார்; இருக்கும் உயிரின் பெயரையோ இழந்துவிடுவார்.

மக்கள் பெயர்கள் துல்லியமற்றவை, அறிவியலுக்கு இலத்தீன் பெயரே போதும் என்று ஒரு வாதம் உண்டு. அந்த இலத்தீன் பெயரின் கதையைப் பார்க்கலாம். வீட்டு மூஞ்சூற்றுக்கு லின்னேயஸ் 1766இல் இட்ட அடைமொழி "மூரினஸ்". அதன் பொருள் "எலி போன்றது". இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர் மூஞ்சூற்றை "மஸ்க்ரேட்" என்றனர். கிப்ளிங் 1894இல் வெளியிட்ட "ஜங்கிள் புக்" நூலில் சுச்சுந்திரா என்ற பாத்திரத்துக்கும் அதே பெயர்தான். உண்மையான மஸ்க்ரேட் வட அமெரிக்காவில் நீரோரம் வாழும் வேறொரு கொறிணி. "பண்டிக்கூட்" என்ற ஆங்கிலச் சொல் தெலுங்கின் பந்திகொக்கு, அதாவது பன்றியெலி, என்பதன் திரிபு. ஐரோப்பியர் அதை ஆஸ்திரேலியாவில் பைம்மா இனம் ஒன்றுக்குச் சூட்டினர். துல்லியமின்மை கிராமத்தாருக்கு மட்டும் உரிய குறையன்று என்பதற்கு இவ்வளவு போதும்.

இதனால் மக்கள் வழக்கைத் திருத்த வேண்டும் என்று பொருளில்லை. முள்ளெலியும் கொறிணியன்று, அதன் பெயரில் எலி இருப்பதால் யாரும் கெட்டுவிடவில்லை. ஜெர்மன் மொழியில் மூஞ்சூற்றின் பெயர் "கூர்மூக்கெலி" என்று பொருள்படும். 1942இல் ஜெர்மன் பாலூட்டியியல் சங்கம் மூஞ்சூறு, வௌவால் இரண்டின் பெயர்களிலிருந்தும் "எலி" என்ற பகுதியை நீக்க முனைந்தது. ஹிட்லரின் சினத்துக்கு ஆளாகி அம்முயற்சியைக் கைவிட்டது. சர்வாதிகாரி தலையிடாமல் இருந்திருந்தாலும் மக்கள் தம் சொல்லை விட்டிருப்பார்களா என்பது ஐயமே. ஆய்வாளருக்கு உரிய பணி சொற்களை மாற்றுவதன்று. இருக்கும் சொற்களை முழுமையாகக் கேட்டு, எந்தச் சொல் எந்த உயிரைச் சுட்டுகிறது என்று சரிபார்த்து எழுதுவது.

அப்பணி முற்றிலும் நடக்காமலும் இல்லை. வால்டர் எலியட் 1839இல் சென்னை இதழொன்றில் வெளியிட்ட பாலூட்டிகளின் பட்டியல், ஒட்டர்களின் அறிவில் ஊன்றி நிற்பது. வளை தோண்டி எலி பிடித்து, அது சேர்த்த தானியத்தையும் எடுத்துப் பிழைத்த அம்மக்களே எந்த வளை எந்த எலிக்கு உரியது என்று சொன்னவர்கள். "கோலுண்டா", "கொக்", "மெட்டாட" முதலிய உள்ளூர்ச் சொற்கள் விலங்கியல் பெயர்களாயின. கோலுண்டாவோடு "எலியோட்டி" என்று எலியட்டின் பெயரும் சேர்ந்தது. சொல் கொடுத்த ஒட்டர் ஒருவர் பெயரும் ஏட்டில் இல்லை.

அதே கோலுண்டா இலங்கையில் "காப்பி எலி" எனப்பட்டது. காப்பித் தோட்டங்களை அது படையாக வந்து அழித்ததையும், ஒரே நாளில் ஒரு தோட்டத்தில் ஆயிரம் வரை கொல்லப்பட்டதையும் எமர்சன் டென்னன்ட் 1861இல் எழுதினார். தென்னிந்தியத் தொழிலாளர் அவற்றை எண்ணெயில் பொரித்தும் கறியாக்கியும் உண்டனர் என்றும் குறித்தார். காட்டில் நெல்லுச்செடியின் விதை தீரும்போது எலி தோட்டத்துக்கு இறங்கும் என்ற செய்தியும் அப்பதிவில் உண்டு. அத்தொழிலாளர் என்ன கண்டனர், என்ன சொன்னார்கள் என்பது மட்டும் இல்லை. அவர்கள் எலி தின்போராக மட்டுமே வரலாற்றில் நுழைந்தனர். எலியை அறிந்தோராக நுழையவில்லை.

இன்று கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஜீப்புகளில் ஏறி ஏலமலைக்கு வேலைக்கு வரும் பெண்களின் நிலை இதிலிருந்து எவ்வளவு மாறியிருக்கிறது? ஏலச்சரம் செடியின் தூரிலிருந்து கிளம்புவது. பல ரகங்களில் தரையிலேயே படர்வது. காய் எடுப்பவர் நாள் முழுதும் குனிந்து பார்ப்பது எலி நடமாடும் அதே தளத்தை. எந்தக் காய் கடிபட்டது, எந்தப் புதரடியில் புது வளை, எந்த மாதத்தில் சேதம் கூடும் என்பதை அவர்களைவிட நெருங்கிக் காணும் வாய்ப்பு வேறு யாருக்கும் இல்லை. இந்த மலையில் பரவிய ஞள்ளானி ஏலரகம் ஒரு விவசாயியின் கூரிய கவனிப்பிலிருந்து வந்ததென்று ஆய்வு நிறுவனங்களே ஏற்றுக்கொண்டன. செடியைக் கவனித்தவரின் அறிவு அறிவாகும்போது, விலங்கைக் கவனித்தவரின் அறிவு ஏன் "நம்பிக்கை" என்ற தலைப்பின் கீழ் போகிறது?

ஆய்வுமுறையிலும் குறை இருக்கிறது. தானியமோ கடலை வெண்ணெயோ வைத்து மாலையில் பெட்டிப்பொறி அமைத்துக் காலையில் எண்ணும் முறை கொறிணிகளுக்கு ஏற்றது. பூச்சியுண்ணும் மூஞ்சூறுகளை எண்ண மண்ணில் புதைத்த குழிப்பொறியே பொருத்தம். பெட்டியில் சிக்கும் மூஞ்சூறும் இரவு முழுதும் இரையின்றித் தாங்காது; அதன் உடல் சில மணி நேரத்துக்கு ஒருமுறை உணவு கேட்பது. எலிக்கான பொறியை வைத்துவிட்டு "மூஞ்சூறு அரிது" என்று எழுதுவது, தூண்டிலைப் போட்டுவிட்டு ஆற்றில் நண்டு இல்லை என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

நோயைப் பற்றிய எதிர்வாதத்தை எளிதாக ஒதுக்க முடியாது. 2018 வெள்ளத்துக்குப் பின் கேரளத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைப் பறித்தது. அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. ஆனால் அக்கிருமியை எலி மட்டும் சுமப்பதில்லை. மூஞ்சூறும் மாடும் நாயும் பன்றியும் சுமக்கக்கூடும். நோயின் பெயர் கவனத்தை ஒரே விலங்கின் மேல் குவித்துவிடுகிறது. இதற்கு வலுவான சான்று வேலூரில் இருக்கிறது. 1964இல் அங்கே தொட்டபாளையத்தில் பிடித்த வீட்டு மூஞ்சூறிலிருந்து ஒரு வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது. ஹான்டா வைரஸ் குடும்பத்துக்குப் பெயர் தந்த கொரிய வைரஸ் கண்டறியப்படுவதற்கும் முந்தியது அது. ஹான்டா என்றாலே கொறிணி என்ற எண்ணம் ஊன்றியிருந்ததால், மூஞ்சூற்றில் கிடைத்தது நெடுங்காலம் விதிவிலக்காகவே கிடந்தது. 2007இல் வெளியான மரபணு ஆய்வுகளே அது கொறிணி வைரஸ்களிலிருந்து வெகுதூரம் விலகிய தனிக்கிளை என்று காட்டின. அதன்பின் உலகெங்கும் மூஞ்சூறு இனங்களில் புதிய ஹான்டா வைரஸ்கள் அடுத்தடுத்துக் கண்டறியப்பட்டன. தமிழ்நாட்டு ஊரின் பெயரைத் தாங்கிய அச்சான்று, விலங்கைப் பிரித்தறிவது நோயறிவின் முதற்படி என்று சொல்கிறது.

பயிர் இழக்கும் விவசாயி எலியைக் கொல்லக் கூடாதா? கொல்லலாம், எதைக் கொல்கிறோம் என்று தெரிந்து கொல்ல வேண்டும். சுவரோரம் விரித்த பசை அட்டைக்கு எலியும் மூஞ்சூறும் பல்லியும் ஒன்றே. புரோமாடியோலோன் போன்ற குருதியுறைவெதிர் நஞ்சுகள் தின்ற எலியோடு முடிவதில்லை. அவ்வெலியை உண்ணும் ஆந்தைக்கும் செல்கின்றன. தானியத்தைத் தேடாத மூஞ்சூறுகளின் உடலிலும் இந்நஞ்சுகள் ஐரோப்பிய ஆய்வுகளில் கண்டறியப்பட்டுள்ளன. கரப்பானையும் எலியையும் இரவு முழுதும் இலவசமாகத் தின்று தீர்ப்பவற்றைக் கொன்றுவிட்டு, அந்த வேலைக்கு மேலும் நஞ்சு வாங்குவது எந்தக் கணக்கிலும் இலாபமாகாது. மூஞ்சூற்றைப் பிள்ளையாரின் வாகனம் என்று வணங்கும் வீட்டிலேயே இது நடக்கிறது.

ஆய்வு மாணவர்கள் செய்யக்கூடியது கடினமானதன்று. பட்டியலில் ஓர் உயிருக்கு ஒரு பெயர் என்ற கட்டத்தை நீக்கலாம். சொன்னவர் ஒப்பினால் அவர் பெயரோடும் ஊரோடும் எழுதலாம். தமிழ், மலையாளம் இரண்டையும் கேட்கலாம். விலங்கியல் துறையும் மொழியியல் துறையும் ஒரே லயத்துக்கு ஒன்றாகச் செல்லலாம். ஒன்று உயிரைப் பிடித்துக் காட்ட, மற்றொன்று சொல்லைக் கேட்டு எழுதலாம். அப்படிச் செய்த பின்னும் ஓரூரில் எல்லாவற்றுக்கும் "எலி" என்ற ஒரே சொல்தான் கிடைக்கிறது என்றால், அதை அப்படியே எழுதட்டும். கேட்காமலே எழுதுவது இனியாவது நிற்க வேண்டும்.